கேட் ரிஜிஸ்டரும் பஞ்ச் பதிவும்: எத்தனை நாள் வைத்திருப்பது, எப்போது அழிப்பது?

ஓணம் லீவு முடிந்து கல்லூரி திறந்து வெகுநாள் ஆன பிறகு இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். எங்கள் ஸ்டாஃப் ஷெட்டில் காணாமல் போன பைக், கேரள எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில் க.க.சாவடி தாண்டிக் கிடைத்திருந்தது. காணாமல் போன அன்று சாயங்காலம் பின் கேட் வழியாக யார் யார் போனார்கள் என்று கேட்டார்கள். அது எழுபதாவது நாள்.

பின் கேட்டில் இருப்பது கார்டு தேய்க்கும் பஞ்ச் மெஷின். ஒரு லட்சம் பதிவு கொள்ளும் என்று வாங்கும்போது பெருமையாகச் சொன்னார்கள். 600 பேர், ஆளுக்கு நாலு பஞ்ச்: காலை, சாப்பாட்டுக்குப் போக, வர, மாலை. ஒரு நாளைக்கு 2,400. ஒரு லட்சத்தை அதால் வகுத்தால் 41 நாள் சொச்சம். அதற்கு மேல் மெஷின் பழசை அழித்துப் புதுசை எழுதிக்கொள்ளும். வாராவாரம் பதிவை ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு இறக்க வேண்டிய பையன் வேலையை விட்டுப் போய் அரை வருஷம் ஆகியிருந்தது. யாரும் கவனிக்கவில்லை.

"கையில எழுதின ரிஜிஸ்டர் இருக்குதுங்களே சார்" என்று வாட்ச்மேன் அண்ணன் ஸ்டோர் ரூமைத் திறந்தார். 2009 முதல் 31 புத்தகங்கள். பழசெல்லாம் இரும்பு அலமாரியில் சிரித்துக்கொண்டிருந்தன. இடமில்லாமல் புதுசைத் தரையில் வைத்திருந்தார்கள். மழைக்காலம் அல்லவா, தரையில் இருந்ததைக் கறையான் பிடித்துவிட்டது. 2009-இல் மணல் லோடு கொண்டுவந்த டிரைவரின் செல் நம்பர் பளிச்சென்று படிக்க முடிந்தது. எழுபது நாளைக்கு முந்தைய சாயங்காலம் மண்ணாகியிருந்தது.

எங்கள் கல்லூரியில் பதிவுகளின் ஆயுளை அதுவரை முடிவு செய்தது மெஷின் மெமரியும் கறையானும்தான். வேலை பார்ப்பவர்கள் யாரும் முடிவு செய்யவில்லை. பெரும்பாலான இடங்களில் இதே கதை என்பதைப் பிறகு கஞ்சிக்கோடு பக்கம் ஆலைகளில் வேலை பார்க்கும் நண்பர்களிடம் பேசித் தெரிந்துகொண்டேன். அதன்பின் நாங்கள் உட்கார்ந்து போட்ட வழிமுறையைத்தான் இங்கே எழுதுகிறேன். கல்லூரி, ஆஸ்பத்திரி, ஆலை, அபார்ட்மென்ட் என எங்கும் கொஞ்சம் மாற்றிப் போட்டால் பொருந்தும்.

முதல் வேலை: பதிவு எங்கெல்லாம் கிடக்கிறது என்று தேடுங்கள்

மெயின் கேட் ரிஜிஸ்டர் எல்லோருக்கும் நினைவு வரும். அதோடு முடிவதில்லை. ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு கேட்டில் இருந்து நடந்தே போங்கள். எங்கள் வளாகத்தில் நடந்தபோது கிடைத்தவை: கேட் ரிஜிஸ்டர் இரண்டு, வண்டி நம்பர் எழுதும் நோட்டு ஒன்று, ஹாஸ்டல் இன்-அவுட் புத்தகம் இரண்டு, லைப்ரரி வாசலில் கார்டு தேய்க்கும் கம்ப்யூட்டர், பஞ்ச் மெஷின்கள், சர்வர் ரூம் கதவின் கைரேகை பூட்டு, கேமராப் பதிவுப் பெட்டி, வருகிறவர்களுக்கு ஓடிபி அனுப்பும் ஒரு ஆப். அந்த ஆப்பின் தகவல் எங்கள் வளாகத்திலேயே இல்லை, ஆப் விற்றவரின் சர்வரில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் அழிப்பது பற்றி ஒரு வரி கிடையாது.

இதையெல்லாம் விட மோசமானது செக்யூரிட்டி வாட்ஸப் குரூப். தினமும் இரவு ஷிப்ட் மாறும்போது ரிஜிஸ்டர் பக்கத்தை போட்டோ எடுத்துக் குரூப்பில் போடுவது வழக்கமாக இருந்தது. குரூப்பில் 43 பேர். அதில் பாதிப் பேர் ஏஜென்சி மாறிப் போனவர்கள், யாரும் நீக்கவில்லை. வந்துபோன பெண்களின் செல் நம்பர் உட்பட எல்லாம் அந்த 43 போன்களிலும் இருந்தது. ஸ்டோர் ரூமைப் பூட்டி என்ன பயன்?

ஒவ்வொன்றுக்கும் நாலு விஷயம் குறியுங்கள்: என்ன எழுதப்படுகிறது, எங்கே இருக்கிறது, யார் பார்க்கலாம், இதுவரை எத்தனை நாள் பழசு இருக்கிறது. மெஷின் விஷயத்தில் ஐந்தாவதாக ஒன்று: மெமரி நிறைந்தால் என்ன செய்யும்? சில மெஷின் பழசை அழிக்கும். சிலது நிறைந்துவிட்டது என்று கத்திவிட்டுப் பதிவதையே நிறுத்திவிடும். எது என்று தெரியாமல் காலக்கெடு எழுதுவது வீண்.

இரண்டாவது: ஒவ்வொரு கதவிடமும் ஒரு கேள்வி

"இந்தப் பதிவு எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும், அந்தக் கேள்வி அதிகபட்சம் எவ்வளவு நாள் கழித்து வரும்?" இது ஒன்றைக் கேட்டாலே பாதி வேலை முடிந்தது.

லைப்ரரி வாசல் பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் நாக் குழு வரும்போது காட்டவேண்டும். அதற்கு எண்ணிக்கை போதும், பெயர் வேண்டாம். மாதக் கடைசியில் மணிவாரியாக எண்ணிக்கையை எடுத்துத் தனியாக எழுதிவிட்டால், எந்தப் பையன் எந்த ராத்திரி எட்டு மணிக்கு அங்கே உட்கார்ந்திருந்தான் என்பதை நாலு வருஷம் தூக்கிச் சுமக்க வேண்டியதில்லை. எங்கள் லைப்ரரியில் ஏழு வருஷப் பெயர்ப்பட்டியல் இருந்தது. ஏன் என்று கேட்டால், "சாரே, ஆரும் களையான் பறஞ்ஞில்லல்லோ" என்றார் லைப்ரரியன். யாரும் தூக்கிப்போடச் சொல்லவில்லையாம்.

வினாத்தாள் வைக்கும் ஸ்ட்ராங் ரூம் வேறு வகை. அதன் கேள்வி ரிசல்ட் வந்து, மறுமதிப்பீடு முடிந்து, சில சமயம் கோர்ட்டு வரை போன பிறகும் வரும். அதே வளாகம், அதே மெஷின், ஆனால் இரண்டு கதவுக்கும் ஒரே கெடு போடுவது தப்பு.

வெளியே பார்த்தாலும் இப்படித்தான் இருக்கிறது. போலீஸ் ஸ்டேஷன் கேமராப் பதிவை 18 மாதம் வைக்கச் சொல்லி 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. லாக்கப்பில் நடந்ததை வெளியே சொல்ல ஒருவருக்கு அவ்வளவு காலம் ஆகலாம். வங்கி லாக்கர் அறைக்குப் போய்வருவோரின் கேமராப் பதிவை 180 நாளாவது வைக்கவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் போட்ட விதி. லாக்கரைத் தினமும் யாரும் திறப்பதில்லை, காணோம் என்பது தெரியவே மாதங்கள் ஆகும். கார்டு பணப் பரிவர்த்தனை நடத்தும் இடங்களுக்கான பிசிஐ தரம், பார்வையாளர் பதிவுக்குக் குறைந்தது மூன்று மாதம் என்கிறது. பிரான்சின் தகவல் பாதுகாப்பு ஆணையம் அலுவலகக் கதவுப் பதிவு மூன்று மாதத்துக்கு மேல் போகக்கூடாது என்கிறது. அமெரிக்க மத்திய அரசுக் கட்டடங்களில் பார்வையாளர் பதிவு சாதாரணமாக 2 ஆண்டு, மிக உயர்ந்த பாதுகாப்பு உள்ள இடங்களில் 5 ஆண்டு. மூன்று மாதத்தில் இருந்து ஐந்து வருஷம் வரை ஆளுக்கொரு கணக்கு. எல்லாமே அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

மூன்றாவது: சட்டம் போட்ட கீழ்க்கோடு

இங்கே கொஞ்சம் நின்று நிதானமாகப் பார்க்கவேண்டும். "எதற்கும் எல்லாத்தையும் வச்சுக்கலாம்" என்று சொல்பவரும் சட்டத்தைத்தான் காட்டுவார், "எல்லாத்தையும் அழிச்சிரணும்" என்பவரும் அதையேதான் காட்டுவார்.

டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் வந்தது. அதன் 8-ஆம் பிரிவு, எதற்காகத் தகவலை வாங்கினோமோ அந்த நோக்கம் முடிந்ததும் அழிக்கச் சொல்கிறது, வேறு சட்டம் வைக்கச் சொன்னால் தவிர. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வந்தன. பெரும்பாலான கடமைகள் 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதம் நடைமுறைக்கு வருகின்றன. அந்த விதிகளில் பலரும் தாண்டிப்போகும் ஒரு வரி உண்டு. அரசு கேட்கக்கூடிய சில குறிப்பிட்ட தேவைகளுக்காக, தனிநபர் தகவலையும் அதைக் கையாண்ட பதிவுகளையும் குறைந்தது ஓராண்டு வைத்திருந்து, அதன்பின் அழிக்கவேண்டும் என்பதே அது. "நோக்கம் முடிஞ்சுது, மூணு மாசத்தில் அழிச்சாச்சு" என்று டிஜிட்டல் பதிவு விஷயத்தில் அந்த விதி நடைமுறைக்கு வந்தபின் சொல்ல முடியாது.

இந்தச் சட்டம் டிஜிட்டல் தகவலுக்கும், காகிதத்தில் வாங்கிப் பிறகு கம்ப்யூட்டரில் ஏற்றிய தகவலுக்கும்தான். ஏற்றாத கேட் ரிஜிஸ்டர் இதற்குள் வராது. அந்த வாட்ஸப் போட்டோ? அதை எடுத்த நொடியில் காகிதம் டிஜிட்டல் ஆகிவிட்டது என்றுதான் நான் படிக்கிறேன். உங்கள் வக்கீலிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள், கேட்கும்வரை போட்டோ எடுப்பதை நிறுத்துங்கள்.

இரண்டாவது, கம்ப்யூட்டர் அவசரகால அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவு. தகவல்தொழில்நுட்ப அமைப்புகள் தானாக எழுதிவைக்கும் குறிப்பான லாக் எல்லாவற்றையும் 180 நாள் இந்தியாவுக்குள் வைத்திருக்கவேண்டும். நெட்வொர்க்கில் இணைந்த கதவு கன்ட்ரோலரும் அதன் சர்வரும் இதில் அடங்கும் என்றே எடுத்துக்கொள்வது நல்லது.

மூன்றாவதை யாரும் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை, நான் இதைத்தான் முதலில் வைப்பேன். பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம், 2013. சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் தரலாம். காரணம் இருந்தால், புகாரை விசாரிக்க நிறுவனத்துக்குள்ளேயே இருக்கும் உள் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டித்து ஏற்கலாம். அதன்பின் விசாரணையை முடிக்க 90 நாள். கூட்டினால் ஒன்பது மாதம். "அன்று அவர் அந்த மாடியில் இல்லவே இல்லை" என்று ஒருவர் சொல்ல, இருந்தார் என்று காட்டக்கூடிய ஒரே சாட்சி சில சமயம் கதவுப் பதிவாகத்தான் இருக்கும். மூன்று மாதத்தில் அழிக்கும் இடத்தில், தைரியம் வரவழைத்துக்கொண்டு ஐந்தாம் மாதம் வந்து பேசும் பெண்ணுக்கு நாம் காட்ட எதுவும் இருக்காது.

அரசு, அரசு உதவிபெறும் நிறுவனங்களுக்கு இன்னும் இரண்டு. தகவல் உரிமைச் சட்டப்படி யாராவது கேட்டிருக்கும் தகவலை அழித்தால், தகவல் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை அபராதம். மத்திய அரசு நிறுவனமோ பொதுத்துறை ஆலையோ என்றால் 1993-ஆம் ஆண்டுப் பொதுப் பதிவேடுகள் சட்டமும் சேரும். அங்கே முறைப்படி அல்லாமல் பதிவேட்டை அழிப்பது சிறைத்தண்டனை வரை போகும் குற்றம். கஞ்சிக்கோட்டுப் பொதுத்துறை ஆலையில் இருக்கும் நண்பர் நம் அட்டவணையை அப்படியே எடுத்து நடத்திவிடக் கூடாது.

நான்காவது: எண்ணை எழுதுங்கள்

எங்கள் கல்லூரியில் ஒரே எண்ணுக்குப் பதில் இரண்டு எண் போட்டோம். ஒன்று, பார்க்கும் காலம்: செக்யூரிட்டி ஆபீசர் தன் வேலைக்காகத் தானே திறந்து பார்க்கலாம். மற்றது, பூட்டும் காலம்: பதிவு இருக்கும், ஆனால் எழுத்துப்பூர்வமான கோரிக்கை இல்லாமல் யாரும் திறக்க முடியாது. வைத்திரு என்ற சட்டத்துக்கும் சுமக்காதே என்ற சட்டத்துக்கும் இடையில் நாங்கள் கண்ட வழி இது.

சாதாரணக் கதவுகள், மெயின் கேட், வகுப்புக் கட்டடம், லேப் இவற்றின் மெஷின் பதிவு: மூன்று மாதம் பார்க்கலாம், ஓராண்டு முடியும்வரை பூட்டு, அதன்பின் அழிப்பு. சர்வர் ரூமுக்கு ஓராண்டு முழுக்கப் பார்க்கும் காலம், ஹேக்கிங் பெரும்பாலும் தாமதமாகத்தான் தெரியவரும். ஸ்ட்ராங் ரூமுக்கு அந்தத் தேர்வின் மறுமதிப்பீடும் தணிக்கையும் முடிந்து ஓராண்டு. பார்வையாளர் ஆப்புக்குப் பார்க்கும் காலம் ஒரு மாதம்தான், மீதி பூட்டு. குரியர்காரர் நேற்று வந்ததே நாளைக்கு யாருக்கும் வேண்டாம்.

காகித ரிஜிஸ்டருக்குக் கடைசிப் பதிவில் இருந்து ஒன்பது மாதம். மேலே சொன்ன மூன்றும் மூன்றும் மூன்றும் கூட்டிய கணக்கு. முன்பு 300 பக்கப் புத்தகம் ஒன்று ஐந்து மாதம் ஓடும், முதல் பக்கம் தேவையில்லாமல் அத்தனை மாதம் கூடுதலாக இருக்கும். இப்போது 80 பக்க நோட்டு, மாதத்துக்கு ஒன்று. மேலட்டையில் ஆரம்பத் தேதி, முடிந்த தேதி, அழிக்கும் தேதி மூன்றும் மார்க்கரில். பக்கம் மிச்சம் இருந்தாலும் ஒன்றாம் தேதி புது நோட்டு. கணக்குப் பிரிவில் பேப்பர் வீண் என்று முணுமுணுத்தார்கள், முணுமுணுக்கட்டும்.

ஹாஸ்டல் புத்தகத்தில்தான் பெரிய தகராறு. பையன் படித்து முடிக்கும்வரை, நாலு வருஷமும் வேண்டும் என்றார் வார்டன். பெற்றோர் கேட்டால் காட்டவேண்டுமாம். பெற்றோர் கேட்பது நேற்றும் இன்றும், இரண்டாம் வருஷத்து ஆவணி மாசத்தை யாரும் கேட்பதில்லை. முதல் வருஷம் சேர்கிற பிள்ளைகளில் பலருக்குப் பதினேழு வயதுதான், பதினெட்டு நிரம்பாதவர் தகவலுக்குப் புதுச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு தனிக் கடுமை வைத்திருக்கிறது. காகிதப் புத்தகம் அதற்குள் வராது என்றாலும் பிள்ளைகள் அதே பிள்ளைகள்தான். ஒன்பது மாதத்தில் முடித்தோம். வார்டன் இன்றும் என்னோடு அவ்வளவாகப் பேசுவதில்லை.

கைரேகை, முக அடையாளம் ஆகியவற்றை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். கதவு திறந்த நேரம் வேறு, விரல் வேறு. ஆள் வேலையை விட்ட அன்றே, கணக்கு முடிக்கும் நோ-டியூஸ் பேப்பரில் ஒரு கட்டமாகப் போட்டு, எல்லா மெஷினிலும் ரேகையை அழிக்கவேண்டும். கேட்டில் ஆதார் ஜெராக்ஸ் வாங்கி வைக்கும் பழக்கம் இருந்தால் நாளைக்கே நிறுத்துங்கள். அட்டையைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தால் போதும், நம்பர் எழுதவும் வேண்டாம்.

ஐந்தாவது: சம்பளத்தைக் கதவில் இருந்து பிரியுங்கள்

எண் எழுதியதும் ஹெச்ஆர் வந்து நிற்பார்கள். "ஓராண்டில் பஞ்ச்சை அழித்தால் சம்பளத் தகராறு வந்தால் என்ன செய்வது?" நியாயமான கேள்வி. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, கூலி பாக்கி கேட்டு மூன்று ஆண்டு வரை ஒருவர் வரலாம். பிஎஃப், இஎஸ்ஐ கணக்குக்கு ஐந்து ஆண்டு வையுங்கள் என்கிறார் எங்கள் ஆடிட்டர்.

அதற்கு அந்த ஆள் பகல் 11.20-க்கு எந்த மாடிக் கதவைத் திறந்தார் என்பது எதற்கு? அன்று முதல் பஞ்ச், கடைசிப் பஞ்ச், ஓவர்டைம் மணி, லீவு, இவ்வளவுதான் சம்பளத்துக்கு வேண்டும். மாதம் முடிந்து மூன்றாம் தேதி, இந்த நாலையும் ஆள்வாரியாக எடுத்து, சம்பந்தப்பட்டவரிடம் காட்டி, திருத்தம் இருந்தால் திருத்தி, வருகைப் பதிவேடாகச் சம்பளக் கோப்பில் சேர்க்கிறோம். அது ஐந்து வருஷம் இருக்கும். மூலப் பஞ்ச் தன் கெடுவில் போகும். ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு இது இன்னும் முக்கியம். எங்கள் கட்டட வேலைக்கு வந்த ஒடிசாக்காரர்களின் நாள் கணக்கை ஏஜென்சி குறைத்துக் காட்டியபோது, அவர்கள் பக்கம் பேசியது இந்த மாதாந்திரத் தாள்தான்.

ஆறாவது: யார் பார்க்கலாம்

காலக்கெடு எவ்வளவு சரியாக இருந்தாலும், அதற்குள் கண்டவர் கண்டதைப் பார்த்தால் அர்த்தமில்லை.

ஒருநாள் ஒரு துறைத்தலைவர் என் அறைக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு, தன் துறையில் ஒரு அசிஸ்டென்ட் புரொபசரின் மூன்று மாதப் பஞ்ச் வேண்டும் என்றார். லேட்டாக வருகிறாரா சார் என்றேன். இல்லை, யாரோடு மதியம் வெளியே போகிறார் என்று பார்க்க வேண்டுமாம். அதற்குள் எங்கள் விதி எழுதி முடித்திருந்தோம், பிழைத்தேன். ஒரு பக்கப் படிவத்தை நீட்டினேன்: யாருடைய பதிவு, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எந்தக் கதவு, என்ன காரணம், கேட்பவர் கையெழுத்து, பிரின்சிபால் கையெழுத்து. வாங்கிக்கொண்டு போனார். திரும்பி வரவே இல்லை.

படிவம் என்பது இவ்வளவுதான். செலவில்லாத பூட்டு. அதோடு, பதிவை யார் எப்போது திறந்தார்கள் என்பதற்கும் ஒரு பதிவு வேண்டும். சாஃப்ட்வேரில் அந்த வசதி இருக்கும், ஆன் செய்யாமல் விட்டிருப்பார்கள். எல்லோரும் ஒரே அட்மின் பாஸ்வேர்டில் நுழைவதை முதலில் நிறுத்துங்கள். எங்கள் பாஸ்வேர்டு மானிட்டரில் ஸ்டிக்கராக ஒட்டியிருந்தது.

கேட்டில் ஒரு அறிவிப்பும் வையுங்கள்: என்ன எழுதுகிறோம், எதற்கு, எத்தனை நாள், யாரிடம் கேட்கலாம். ஆங்கிலத்திலோ அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணை மொழிகளில் ஒன்றிலோ அறிவிப்பைப் பெறும் வசதி வேண்டும் என்பது புதுச் சட்டத்தின் எதிர்பார்ப்பு. எங்கள் கேட்டில் மலையாளம், தமிழ், இந்தி, ஒடியா நாலும் இருக்கிறது. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கமிருந்து வரும் துப்புரவு அக்காக்கள் தமிழில்தான் படிப்பார்கள். போர்டு மாட்டிய அன்று ஒரு அக்கா நின்று முழுக்கப் படித்துவிட்டு, "அப்ப என்ற நம்பர எப்ப அழிப்பீங்க?" என்று கேட்டார். பத்து வருஷத்தில் கேட்டில் கேட்கப்பட்ட முதல் கேள்வி.

ஏழாவது: அழிப்பதை நிறுத்தும் கயிறு

கெடு வந்ததும் எல்லாம் தானாக அழியும்படி செய்துவிட்டால் ஒரு ஆபத்து உண்டு. விபத்து, திருட்டு, புகார், வழக்கு, தகவல் உரிமை மனு, போலீஸ் கடிதம் இவற்றில் ஒன்று வந்த அன்றே, சம்பந்தப்பட்ட பதிவை மட்டும் அழிப்பில் இருந்து எடுத்துத் தனியே வைக்கவேண்டும். மட்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். பைக் காணாமல் போனால் பின் கேட், அன்று நண்பகல் முதல் நள்ளிரவு வரை. அதைச் சாக்கிட்டு வளாகம் முழுக்க அந்த வருஷத்தை நிறுத்தி வைத்தால், பழையபடி 31 புத்தகம் சேர்ந்துவிடும்.

யாருக்கு அதிகாரம் என்று பெயர் எழுதாமல் பதவி எழுதுங்கள், அவர் லீவில் இருந்தால் அடுத்தவர் யார் என்பதையும் எழுதுங்கள். எங்களுக்குப் பொங்கலுக்கு ஒரு பாதி ஆபீஸ் காலி, ஓணத்துக்கு மறு பாதி காலி. எல்லை ஊரில் இரண்டு பேரையாவது போட்டே ஆகவேண்டும். நிறுத்தி வைத்ததற்கும் மறு பரிசீலனைத் தேதி வேண்டும், நாங்கள் ஆறு மாதம் வைத்திருக்கிறோம்.

கோர்ட்டுக்குப் போகும் மின்னணுப் பதிவு என்றால், எக்ஸலில் திறந்து, தேவையான வரியை மஞ்சள் அடித்து, பென் டிரைவில் கொடுத்தால் நிற்காது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும், பதிவின் ஹாஷ் எண்ணும், அதாவது கோப்பில் ஒரு எழுத்து மாறினாலும் மாறிவிடும் அடையாள எண்ணும், அதில் வரும். சாஃப்ட்வேரில் இருந்து எடுத்த கோப்பை யாரும் தொடுவதற்கு முன் ஹாஷ் எடுத்துக் குறித்துவிடுங்கள். மெஷின் கடிகாரத்தையும் பாருங்கள். எங்கள் பின் கேட் மெஷின் பதினோரு நிமிஷம் முந்தி ஓடிக்கொண்டிருந்தது. மாதம் ஒருமுறை சரி பார்த்து, எவ்வளவு விலகியிருந்தது என்று எழுதி வைக்கிறோம்.

எட்டாவது: அழிப்பது

கம்ப்யூட்டர் பக்கம், சாஃப்ட்வேரில் தானாக அழியும் நாளை அமைத்தால் மட்டும் போதாது. பேக்கப்பில் அதே பதிவு மூன்று வருஷம் உட்கார்ந்திருக்கும். பேக்கப் சுழற்சியையும் அதே கெடுவுக்குள் கொண்டுவாருங்கள். டெஸ்க்டாப்பில் "அட்டென்டன்ஸ் ஃபைனல் 2 புதுசு" என்ற மாதிரிக் கிடக்கும் எக்ஸல்களை யாராவது உட்கார்ந்து தேடித்தான் எடுக்கவேண்டும், அதற்கு மெஷின் உதவாது. ஆப்காரரிடம் அழித்ததற்கு எழுத்தில் வாங்குங்கள்.

காகிதத்தைப் பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போடாதீர்கள். துண்டாக்கும் மெஷின் இல்லை என்றால், தண்ணீரில் இரண்டு நாள் ஊறவைத்துக் கூழாக்கலாம். நாங்கள் தோட்டத்துக் குழியில் சாணியோடு போடுகிறோம். இரண்டு பேர் முன்னால், என்னென்ன நோட்டு என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு. அந்தத் தாள் மட்டும் நிரந்தரம். "ஏன் இல்லை" என்று பின்னால் யார் கேட்டாலும் அதுதான் பதில்.

பழைய 31 புத்தகங்களை அழிக்கும் முன், ஏதும் வழக்கில் இருக்கிறதா என்று வக்கீல், ஹெச்ஆர், உள் குழு மூவரிடமும் எழுத்தில் கேட்டு வாங்கினோம். பிறகு வாட்ச்மேன் அண்ணனும் நானும் ஒவ்வொன்றாகப் புரட்டினோம். அப்போதுதான் சிவப்பு மையில் எழுதிய வரிகள் கண்ணில் பட்டன. "இரவு 2.10, கிழக்கு காம்பவுண்ட், உருப்படி 3, குட்டி 1." வாளையார்க் காட்டில் இருந்து வந்த யானைகள். பெயர் கட்டத்தில் "கணபதி" என்றும், நோக்கம் என்ற கட்டத்தில் "பலா" என்றும் யாரோ எழுதியிருந்தார்கள். வெளியே போன நேரமும் ஒழுங்காக இருந்தது, மனிதர்களின் பதிவில் பாதிக்கு அது இல்லை.

"இதுக்கும் ஒம்பது மாசந்தானுங்களா சார்?" என்றார் அண்ணன். யானைக்குத் தகவல் பாதுகாப்புச் சட்டம் இல்லை, வனத்துறைக்கோ இது உதவும். இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து அந்த வரிகளை மட்டும் ஒரு தனி நோட்டில் எடுத்து எழுதினார். மேலட்டையில் அழிக்கும் தேதிக்கான இடத்தில் ஒரு கோடு போட்டு, நோட்டை அலமாரியின் மேல்தட்டில் வைத்தார்.